சிரட்டை நிறையத் தண்ணீர்

கங்காணி சதாசிவம் வீட்டின் பின்கதவோரம், சுவரில் அடித்த ஆணியில் ஒரு சிரட்டை தொங்கும். கூலிக்காரர் குடியிருக்கும் கீழ் லயத்து அங்கம்மா, ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா. வேலைக்குப் போகும் முன் கங்காணி வீட்டு முற்றத்தைக் கூட்டிக் கொடுப்பாள். கூட்டி முடித்ததும் அந்தச் சிரட்டையைத் தானே எடுத்துக் கழுவி, இரண்டு கையாலும் ஏந்தி நிற்பாள். கங்காணியின் மனைவி கிருஷ்ணம்மா, தீட்டு ஒட்டிவிடாமல், ஒரு முழ உயரத்திலிருந்து தேத்தண்ணீரை ஊற்றுவாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றுவதாக அவளுக்குப் பெருமை.

அதன் பிறகு கிருஷ்ணம்மா படியில் உட்கார்ந்து, எட்டு வயது மகள் சந்திரமதிக்குத் தலை பின்னிவிடுவாள். இடுப்பைத் தொடும் முடி. ரப்பர் மரங்களுக்கிடையே பனி கலையாத அந்த நேரத்தில், மகளின் தலை தன் முழங்காலில் சாய்ந்திருக்க, மூன்று கால்களாகப் பிரித்து மெல்ல மெல்லப் பின்னுவதுதான் கிருஷ்ணம்மாவுக்கு நாளின் மிக இனிய வேளை.

ரப்பர் விலை மறுபடி ஏறிய வருஷம் சதாசிவம் ஒரு பழைய மோட்டார் கார் வாங்கினார். தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மூவரும் குளுவாங் பட்டணத்துக்குத் துணியெடுக்கப் போய்விட்டு, பாலோ ஊர் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நல்ல மழை. செம்மண் பாதை வழுக்கியது. வளைவில் எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தது. சதாசிவம் சக்கரத்தைத் திருப்பினார். கார் பாதையை விட்டு விலகி, இரண்டு முறை உருண்டு பள்ளத்தில் விழுந்தது.

ஓடி வந்தவர்கள் கீழ் லயத்து ஆட்கள். சாக்குகளை விரித்து, அதில் மூவரையும் கிடத்தித் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கிருஷ்ணம்மாவுக்கு நினைவிருந்ததெல்லாம் சாக்கின் வாடையும், முகத்தில் மழை விழாதபடி யாரோ பிடித்திருந்த ஒரு துண்டும்தான்.

சதாசிவத்துக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. சந்திரமதிக்குத் தோள்பட்டை எலும்பு. கிருஷ்ணம்மாவின் வலது கை இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. குழந்தையின் எலும்புதான் முதலில் கூடியது. ஆறு வாரம் கழித்துக் கிருஷ்ணம்மாவின் கட்டைப் பிரித்தபோது, கை அவளுடையது மாதிரியே இல்லை. வெளுத்து, மெலிந்து, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல மடியில் கிடந்தது. விரல்கள் மடங்கவில்லை. இப்போதே பழக்காவிட்டால் அப்படியே நின்றுவிடும் என்று மருந்து கட்டும் டிரசர் சொல்லிவிட்டார்.

கட்டோடு கிடந்த அந்த ஆறு வாரமும் அங்கம்மாதான் சோறூட்டினாள், உடம்பு துடைத்தாள். முதல் இரண்டு நாள் கிருஷ்ணம்மா வாயைத் திறக்கவே மறுத்தாள். மூன்றாம் நாள் பசியும் காய்ச்சலும் சேர்ந்து அவளைத் திறக்க வைத்தன. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் சந்திரமதி அங்கம்மாவின் முன்னால் பின்னலுக்குத் தலையைக் காட்டி உட்காரும்போது மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். இனி அந்த முடியைத் தன் கை தொடாதோ என்ற பயம் அவளைத் தின்றது.

கட்டுப் பிரித்த மறுநாள் அங்கம்மா வந்து, அவள் மடியில் ஒரு வெறும் சிரட்டையை வைத்தாள். கிருஷ்ணம்மாவின் முகம் சிவந்தது.

"என்ன அங்கம்மா, பழி தீக்கிறியா?"

அங்கம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலை குனிந்துகொண்டாள்.

"ஐயோ, இல்லீங்க கங்காணியம்மா. இது உருண்டையா இருக்கு, வெரலு தானா வளையும். கீழ வுழுந்தாலும் ஒடையாது. எங்க லயத்துல ஒருத்தருக்குப் ரப்பர் பால் ஷீட்டு உருட்டுற மிஷினுல கை மாட்டிக்கிச்சு. இத வச்சுத்தான் பழக்குனோம். பெலான் பெலானா, மெதுமெதுவா வந்துச்சு."

பெலான் பெலானாகத்தான் வந்தது. ஐந்து நாள் வெறும் சிரட்டை. பிறகு ஒரு பிடி மணல், இரண்டு பிடி மணல். ஒவ்வொரு நாளும் அங்கம்மா எண்ணெய் தொட்டு, விரல் விரலாக நீவிவிட்டாள். சந்திரமதி கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சிரட்டை எத்தனை முறை விழுகிறது என்று எண்ணினாள்.

"மூணு தடவ போட்டுட்டம்மா. பரவால்ல, நான் ஒண்ணுன்னே வச்சுக்கிறேன்."

"இப்படியே எண்ணுனா வாத்தியாரு ஒன்ன ஸ்கூலுக்குள்ளயே விடமாட்டாரு பாப்பா" என்றாள் அங்கம்மா. கிருஷ்ணம்மா விபத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். "போங்க அங்கம்மாக்கா" என்று சிணுங்கிய மகள், எப்போதிருந்தோ அவளை அப்படி அழைப்பதை அப்போதுதான் கவனித்தாள். கண்டிக்கத் தோன்றியது. கண்டிக்கவில்லை.

ஒரு மத்தியானம், வெயிலில் ரப்பர் காய்கள் பட்பட்டென்று வெடித்துக்கொண்டிருந்தபோது, அங்கம்மா குவளை நிறையத் தண்ணீரோடு வந்தாள். சிரட்டை நிறையப் பிடித்துச் சிந்தாமல் வைத்திருந்தால் கை தேறிவிட்டது என்று அர்த்தமாம். கிருஷ்ணம்மா சிரட்டையை ஏந்தினாள். கை நடுங்கியது. அங்கம்மா குவளையின் விளிம்பைச் சிரட்டையோடு ஒட்டி வைத்து, ஓசையில்லாமல் ஊற்றினாள்.

"ஏன் இவ்வளவு கிட்ட வச்சு ஊத்துற?"

"ஒசரத்துலேர்ந்து ஊத்துனா பிடிக்கிற கை ஆடுமுங்க. சூடா இருந்தா மேலயும் தெறிக்கும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். அதில் குறை இல்லை, குத்தல் இல்லை. ஆனால் கிருஷ்ணம்மாவின் கண் அங்கம்மாவின் மணிக்கட்டுக்குப் போனது. அங்கே மிளகு அளவில் கறுத்த தழும்புகள், ஒன்று, இரண்டு, பத்துக்கு மேலே. தினமும் நெருங்கி உட்கார்ந்து தன் விரல்களை நீவிவிட்ட கை அது. இத்தனை நாள் கிருஷ்ணம்மா தன் விரல்களைப் பார்த்தாளே தவிர, அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. சொட்டுக்கூடச் சிந்தாது என்று பெருமைப்பட்ட தேத்தண்ணீரெல்லாம் எங்கே சிந்தியது என்று அப்போது தெரிந்தது.

சிரட்டையில் தண்ணீர் ததும்பி வழிந்தது. கை நடுங்கியதால் அல்ல. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

சதாசிவம் கைத்தடியோடு நடக்கத் தொடங்கியபின் மூவரும் வீடு திரும்பினார்கள். மறுநாள் காலை அங்கம்மா முற்றம் கூட்ட வந்தாள். படியில் கிருஷ்ணம்மா மகளுக்குத் தலை பின்ன முயன்றுகொண்டிருந்தாள். கூட்டி முடித்த அங்கம்மா ஆணியைப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது.

"சிரட்டையக் காணோமுங்களே."

"அதுல தலைக்கு எண்ண ஊத்தி வச்சிருக்கேன். நீ வந்து உக்காரு."

கிருஷ்ணம்மா உள்ளே போய், தான் குடிக்கும் பித்தளை லோட்டாவை எடுத்து வந்து அங்கம்மாவின் கையில் கொடுத்தாள். தேத்தண்ணீர்ச் செம்பின் விளிம்பை லோட்டாவோடு ஒட்டி வைத்து ஊற்றினாள். வலது கை இன்னும் ஆடியது. கொஞ்சம் கிருஷ்ணம்மாவின் விரலிலேயே சிந்திச் சுட்டது.

கதவோரம் நின்ற சதாசிவம், மற்ற வீட்டுக்காரர்கள் பார்த்தால் என்ன பேசுவார்கள் என்று தணிந்த குரலில் கேட்டார்.

கிருஷ்ணம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் குரலில் கோபமில்லை.

"பேசட்டுங்க. பள்ளத்துல கெடந்தப்ப நம்மளத் தொட்டுத் தூக்குனவங்க யாரும் சாதி பாக்கல. அவங்க தொட்டதாலதான் நீங்க நிக்கிறீங்க, நான் வெரல மடக்குறேன். ஒரு மனுஷியத் தீட்டுன்னு எட்ட நிறுத்துற கை, எலும்பு கூடுனாலும் நல்லாயிட்ட கை இல்லீங்க. அது இன்னும் ஊனமான கைதான்."

சதாசிவம் தன் கைத்தடியாலேயே, கதவோரம் கிடந்த உட்காரும் பலகையை அங்கம்மாவின் பக்கம் தள்ளினார்.

"அம்மா, பின்னல் பாதியில நிக்குது" என்றாள் சந்திரமதி.

கிருஷ்ணம்மா பின்னலின் இரண்டு கால்களைப் பிடித்தாள். மூன்றாவது கால் விரல்களுக்கிடையே நழுவியது. அங்கம்மா லோட்டாவைக் கீழே வைத்துவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டாள்.