கொழும்பில் தெரிந்த ஆள்

என் தங்கை றினோஸா உயர்தரப் பரீட்சையின் வர்த்தகப் பிரிவில் முல்லைத்தீவு மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எதை முதல் விருப்பமாகப் போடுவது என்பதில்தான் வீட்டில் இழுபறி. அவளுக்குக் கொழும்பு வேண்டும். வாப்பாவுக்கு வவுனியா போதும். தண்ணீரூற்றிலிருந்து வவுனியாவுக்கு பஸ் ஓடுகிறது. உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, அங்கே இருக்கிறா. வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். வாப்பாவின் கணக்கு இவ்வளவுதான்.

றினோஸாவின் கணக்கு வேறு. வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் இருப்பதற்காக அவள் படிக்கவில்லை. பங்குச்சந்தையில் உள்ள கம்பனிகளின் வருட அறிக்கைகளைப் பிரித்துப் பார்த்து, எது தேறும், எது விழும் என்று எழுதிக்கொடுக்கிற ஆய்வாளர் வேலை அவளுக்கு வேண்டும். அந்த வேலை கொழும்பில்தான் இருக்கிறது. படிக்கும்போதே அங்கே ஆட்களைப் பழகி வைத்திருக்கிறவர்களுக்குத்தான் அது கிடைக்கும் என்று அவள் எங்கேயோ வாசித்திருந்தாள். அது பொய் இல்லை.

வாப்பா கொழும்பை மறுத்ததற்கு நான் ஒரு காரணம். நான் கொழும்பில் முகாமைத்துவம் படிக்கப் போய், இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தவன். இப்போது ஐஸ் பக்டரியில் இரவு வேலை. அங்கே எங்கள் ஆள் ஒருவர் இருந்திருந்தால் நான் திரும்பி வந்திருக்கமாட்டேன் என்பது வாப்பாவின் முடிவு. எனக்கு அந்தப் படிப்புப் பிடிக்கவில்லை, வந்தேன். ஆள் இல்லாமல் பையன் கெட்டுப்போனான் என்பது அவருக்கு வசதியான விளக்கம். நானும் அதைத் திருத்தவில்லை.

ஆகவே றினோஸாவுக்கு ஒரு நிபந்தனை விழுந்தது. கொழும்பில் தெரிந்த ஆள் ஒருவரைக் காட்டினால் போகலாம். விண்ணப்பம் முடிய அதிக நாள் இருக்கவில்லை.

அவள் லிங்க்டினில் கணக்கொன்று திறந்து, கொழும்பில் நிதித்துறையில் இருக்கிறவர்களைத் தேடித் தேடி எழுதினாள். பெரும்பாலானவர்கள் பதில் போடவில்லை. ஒருவர் போட்டார். பெயர் நௌபல். பங்குத் தரகு நிறுவனம் ஒன்றின் ஆய்வுப் பிரிவில் வேலை. எங்களுக்குப் பக்கத்து நீராவிப்பிட்டிக் குடும்பம், தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எல்லாரோடும் புத்தளம் போனவர்கள், திரும்பி வரவில்லை. உங்கள் கேள்விகளை அனுப்புங்கள் சிஸ்டர், நேரம் கிடைக்கும்போது பதில் தருகிறேன் என்று எழுதியிருந்தார். றினோஸா ஓடிப்போய் அதை வாப்பாவிடம் காட்டினாள்.

வாப்பா அதை இரண்டு தரம் வாசித்தார். முகம் தெரியாத பொடியனோடு போனில் எழுதிக்கொண்டிருக்கிற வேலை வேண்டாம் என்றார். "குடும்பத்த எனக்குத் தெரியும். செய்யிறதெண்டா முறையாச் செய்வம். நான் கதைக்கிறன்."

வாப்பாவின் பெயர் நிஸார். கொக்கிளாயில் கருவாடு எடுத்துப் புத்தளத்துக்கும் கொழும்புக்கும் அனுப்புகிறவர். அவருடைய வியாபாரத்தில் பழக்கம் என்றால் ஒருவர் வீட்டில் மற்றவர் சோறு தின்றிருக்க வேண்டும். போனில் வருவது விலை மட்டும்தான், பழக்கம் வராது. புத்தளத்துக் கடைக்காரர் ஒருவரிடம் நம்பர் வாங்கி, நௌபலின் தாய் றஸ்மியாவுக்கு எடுத்தார். நான் பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தான் இன்னாருடைய மகன் என்றார். சுகம் விசாரித்தார். தன் மகள் நன்றாகச் சித்தியடைந்ததைச் சொன்னார். நௌபலைப் பற்றி நல்ல கதை கேள்விப்பட்டதாகச் சொன்னார். தாயும் மகனுமாக ஒருநாள் சாப்பாட்டுக்கு வரவேண்டும் என்று கூப்பிட்டார். என்ன உதவி வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. வயிறு நிறைந்த பிறகு கேட்பதுதான் மரியாதை என்பது அவருடைய எண்ணம்.

எங்கள் பக்கத்தில் கலியாணப் பேச்சை மாப்பிள்ளை வீடு தொடங்குவதில்லை. பெண்ணின் தகப்பன்தான் நம்பர் தேடி, போன் எடுத்து, பையனின் தாயைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார். காரணத்தைப் போனில் சொல்லமாட்டார். எங்கள் மூத்த ராத்தாவின் கலியாணத்துக்கு வாப்பா செய்ததும் அச்சொட்டாக இதுதான். அவருக்கு அது நினைவுக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை. உம்மா மட்டும், பொடியனையும் கூட்டிக்கொண்டா வரச் சொன்னீங்கள் என்று கேட்டா. அவன்தானே தேவை என்றார் வாப்பா.

அவர்கள் சனிக்கிழமை வந்தார்கள். நான் வேலை முடிந்து வந்து படுக்காமல் இருந்தேன். நௌபல் மடிப்புக் கலையாத புதுச் சேட்டில் இறங்கினார். றஸ்மியாவின் கையில் பழக்கூடை, கேக், அதோடு ஒரு சல்வார் துணி. துணியைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. வாப்பாவைக் குசினிப் பக்கம் இழுத்துச் சொல்லப் பார்த்தேன். அவர், எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற சஹனில் இறைச்சி போதவில்லை என்று உம்மாவோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை.

சாப்பிட்டு முடிந்து எல்லாரும் மண்டபத்தில் இருந்தோம். றினோஸா தேத்தண்ணி கொண்டுவந்தாள். றஸ்மியா அவளைப் பக்கத்துக் கதிரையில் இருத்திவைத்துச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டா. கண்ணாடி எப்போதும் போடவேண்டுமா, படிக்கும்போது மட்டுமா என்று கேட்டா. பிறகு வாப்பாவின் பக்கம் திரும்பி இந்த வீடு ஆருக்கு என்றா. எங்கள் பக்கத்தில் வீடுதான் பெண்ணின் சீதனம். விலை கேட்டவனுக்கு வியாபாரி பதில் சொல்வது போல, வாப்பா யோசிக்காமல், வீடு கடைசிப் பிள்ளைக்குத்தான் என்றார். சொல்லிவிட்டுத்தான், தான் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார் என்று அவருக்கு உறைத்தது. என்னைப் பார்த்தார். நான் ஓமென்று தலையை ஆட்டினேன்.

அவர் பதறுவார் என்று நினைத்தேன். பதறவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நௌபலை மேலும் கீழும் பார்த்தார். கொழும்பு மாப்பிள்ளை. எங்கள் ஊர்க் குடும்பம். தங்கை கேட்ட அதே தொழில். தெரிந்த ஆள் என்று பார்த்தால் இதைவிடத் தெரிந்த ஆள் கிடையாது. வாப்பாவின் முகம் இளகத் தொடங்கியது. கதவடியில் உம்மா ஏற்கெனவே சிரித்துக்கொண்டு நின்றா.

றினோஸாவும் அதைப் பார்த்தாள். அவள் நேரே நௌபலிடம் கேட்டாள். "உங்கட ஒபிசில படிக்கிற பிள்ளைகளப் பயிற்சிக்கு எடுக்கிறீங்களா?"

நௌபல் தாயைப் பார்த்தார். ஆனால் கேள்வி அவருடைய வேலையைப் பற்றியது. பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "எடுப்பம். மூண்டாம் வருசத்தில. முதல் வருசத்தில இருந்தே போட்டி, கருத்தரங்கு எண்டு வந்து முகம் காட்டின ஆக்களத்தான் எங்களுக்குத் தெரியும். அவங்களத்தான் கூப்பிடுவம்."

"வவுனியாவில படிச்சா?"

"படிப்பில ஒண்டுமில்ல. தூரம்தான். கொழும்புப் பிள்ளையள் நாலு மணிக்கு லெக்சர் முடிஞ்சு நாலரைக்கு எங்கட ஒபிசில நிப்பாங்கள். நீங்க ராவு பஸ் பிடிக்கவேணும்."

றஸ்மியா சிரித்தா. "இதென்ன மகள், கலியாணம் முடிஞ்சா கொழும்பிலதானே இருக்கப் போறீங்க. உழைக்கிறத அவன் பாத்துக்கொள்ளுவான். நீங்க ஏன் மண்டையப் போட்டு உடைக்கிறீங்க?" சொல்லிக்கொண்டே கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தா. மோதிரம். றினோஸாவின் கையைப் பிடித்து விரலை நீட்டச் சொன்னா.

றினோஸா கையை இழுத்துத் தலையில் போட்டிருந்த சோலுக்குள் வைத்துக்கொண்டாள். "மாமி, நான் வேலை விசயம் கேக்கத்தான் உங்கட மகனுக்கு எழுதினனான். வேற ஒண்டுக்குமில்ல."

"அப்ப உங்கட வாப்பா எங்களை ஏன் கூப்பிட்டவர்?"

வாப்பாவுக்கு இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, மகளுக்கு நாலு கேள்வி கேட்பதற்காகத் தாயையும் மகனையும் புத்தளத்திலிருந்து இழுத்தேன் என்று ஒப்புக்கொள்வது. மற்றது, மகள் சொல்வழி கேட்காதவள் என்று காட்டுவது. இரண்டையும் விட்டுவிட்டு அவர் ஒரு பொய் சொன்னார்.

"குறை நினைக்காதீங்கோ ராத்தா. பிள்ளை கொழும்புக்குப் படிக்கப் போறா. நாலு வருசத்துக்குக் கலியாணக் கதை எடுக்கமாட்டனெண்டு வாக்குக் குடுத்திட்டன். அங்க எங்கட குடும்பம் ஒண்டோட பழக்கம் இருந்தா நல்லதெண்டுதான் கூப்பிட்டனான்."

நல்ல பொய். சத்தம் தளம்பாமல் சொன்னார். றஸ்மியா பெட்டியைப் பைக்குள் வைத்து மூடினா. உம்மா கொண்டுவந்த வட்டிலப்பத்தைத் தொடவில்லை. பழக்கூடையையும் கேக்கையும் விட்டுவிட்டு, சல்வார் துணியை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டா.

காரடிக்கு நான்தான் போனேன். நௌபல் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். தங்கை கம்பனி அறிக்கைகளைப் பற்றியே கேட்டு எழுதியதாகவும், பிறகு உம்மா திடீரென்று பெண் பார்க்கப் போகிறோம் என்றதும் தனக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்றும் சொன்னார். விளங்காமலே புதுச் சேட்டுப் போட்டாராக்கும். நான் கேட்கவில்லை. தன்னோடு கதைத்தால் இனி உம்மா விடமாட்டா என்று சொல்லி, ஒரு நம்பர் தந்தார். சிவதர்சினி, தர்மபுரத்துப் பிள்ளை, ஒபிசில் அவருக்கு அடுத்த மேசை.

நம்பரை அன்றைக்கே றினோஸாவிடம் கொடுத்தேன். அவள் அதை வாப்பாவிடம் கொண்டுபோனாள். கொழும்பில் தெரிந்த ஆள் இதோ இருக்கிறா என்றாள். வாப்பா அந்தக் கதையே வேண்டாம் என்றார். அவர்களுக்குச் சொன்னது அந்த நேரத்துக்குச் சொன்னது. விண்ணப்பத்தில் வவுனியாதான் முதலாவது. அவள் அழவில்லை, வாப்பாவோடு கதைப்பதை நிறுத்தினாள். சாப்பாடு வைப்பாள், போவாள். அது அவருக்கு அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவர் சேட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். பள்ளிவாசலில் நடந்ததை அவரே சொன்னார். கதை புத்தளத்திலிருந்து அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. மோதிரம் திரும்பிய வெட்கத்தை மறைக்க, றஸ்மியா எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிச் சொல்லியிருக்கிறா: நிஸாரின் மகள் கொழும்புக்குப் படிக்கப் போகிறாள், அதனால்தான் பேச்சு நின்றது. வாசலில் செருப்புப் போடும்போது ஹாட்வெயார் முதலாளி கொழும்பில் எந்தக் கம்பஸ் என்று கேட்டிருக்கிறார். இன்னும் முடிவில்லை, வவுனியாவாகவும் இருக்கலாம் என்று வாப்பா இழுத்திருக்கிறார்.

"ஆள் சிரிச்சிட்டுக் கேக்கிறான், அப்ப வவுனியாவில என்ன விசயம் எண்டு."

உம்மா தலையில் கை வைத்தா. கொழும்பைச் சொல்லி மாப்பிள்ளையைத் திருப்பிவிட்ட பிள்ளை வவுனியாவுக்குப் போனால், அங்கே எவனோ இருக்கிறான் என்றுதான் ஊர் சொல்லும். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வாப்பா றினோஸாவைக் கூப்பிட்டார். "கொழும்ப முதலாவதாப் போட்டு அனுப்பு. எனக்கு முன்னால அனுப்பு."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. போனைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்தாள். அனுப்பி முடிந்த செய்தி வரும்வரை அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வந்த பிறகுதான் சேட்டின் பொத்தானைக் கழற்றினார்.

"அந்தத் தர்மபுரத்துப் பிள்ளையோட எப்ப கதைக்கிறாய்?"

"இப்பவும் எடுக்கலாம் வாப்பா. நீங்களும் ரெண்டு சொல் கதைக்கிறீங்களா?"

"எனக்கு வேணாம்," என்றார். "நான் கதைச்சா அவவும் தாயக் கூட்டிக்கொண்டு வந்திடுவா."