விழாத மணல் மேகம்

அருமனைக் கிறிஸ்தவச் சபையின் வாசலில் பன்னிரண்டடி பிளக்ஸில் அபின் சிரித்துக்கொண்டிருந்தான். தலைக்குப் பின்னால் ஒரு கோள், அதைச் சுற்றிப் பஞ்சுப்பொதி போல மேகம். கீழே, 'அண்டம் கடந்து மேகம் கண்ட அருமனையின் அறிவுச்சுடர்'. வாசகம் அப்பா நேசையனுடையது. தலைமையாசிரியராக ஓய்வுபெற்றவர். பள்ளிக்கூடம் அவரை விட்டாலும் மேடைத்தமிழ் விடவில்லை.

உண்மையில் அபின் மேகத்தைக் கண்டவனல்ல, கணக்குப் போட்டவன். எங்கோ ஒரு நட்சத்திரத்தை ஒட்டிக் கொதித்துக்கிடக்கும் கோளின் வானத்தைப் பெங்களூரில் கம்ப்யூட்டருக்குள் உண்டாக்குவது அவன் வேலை. அங்கே இருப்பது மணல் மேகம். ஆவியான மணல் மேலே போய்க் குளிர்ந்து துகளாகும், துகள் பருக்கும், பருத்தது கனத்தில் விழும். அவன் கணக்கிலோ மேகம் கோளை மூடி அசையாமல் நின்றது. பேராசிரியர் அசந்துபோனார். ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. நாளை, திங்கட்கிழமை, வெளிவருகிறது.

வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்ததும், சபையில் காட்ட நல்ல படமாக ஒன்று எடுக்கலாமென்று பழைய புரோகிராமைத் திறந்தான். சோதனை ஓட்டம் சீக்கிரம் முடியட்டுமென்று, துகள் விழுவதைக் கணக்கிடும் வரியைப் போன ஜூலையில் நிறுத்தி வைத்திருந்தான். திரும்ப ஓடவிடவே இல்லை. இப்போது ஓடவிட்டான். மேகமெல்லாம் இறங்கி, கோள் மொட்டைத்தலையாய் நின்றது.

பேராசிரியருக்கு அன்றைக்கே எழுதியிருக்கலாம். ஆனால் வாசலில் பிளக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் தமக்குச் செய்ததை அவரவர் எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வந்தது. எல்லைக்கல்லை இரவோடிரவாக நகர்த்துகிறவர்கூடச் சாட்சி சொல்ல மைக்கைப் பிடித்தால் உள்ளதைத்தான் சொல்லுவார். அது அந்தச் சபையின் வழக்கம். அபின் கையில் அப்பா எழுதிக்கொடுத்த நான்கு பக்கம் இருந்தது.

"கர்த்தர் எனக்குக் காண்பித்த நிலையான மேகத்துக்காக..." என்று வாசித்தான். சபை "ஸ்தோத்திரம்" என்றது. ஒவ்வொரு ஸ்தோத்திரத்துக்கும் அவன் கழுத்து ஒரு விரற்கடை உள்ளே போயிற்று.

வெளியே டீ கொடுத்தார்கள். ரப்பர் வெட்டுகிற ராஜையன் கோப்பையோடு பக்கத்தில் வந்தார்.

"மக்கா, ஒரு சம்சயம். அந்த மேகம் பெய்யுமா?"

"பெய்யாது மாமா."

"ஒருக்காலும்?"

"ம்."

"பின்ன எப்பிடி அந்தால நிக்குவு? கனக்காதா?"

அபின் வாயைத் திறப்பதற்குள் நேசையன் குறுக்கே வந்தார். "லே ராஜையா, அது ஒனக்க ரப்பர் மரத்து மூட்டுல பெய்யுத மழயில்ல. சயன்ஸ், கேட்டியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அபினும் சிரித்தான். அந்தச் சிரிப்பு உதட்டிலிருந்து இறங்குவதற்குள் அவனுக்கு உடம்பு கூசிப்போயிற்று. சபைக்குப் பின்னால் போய், வேன் மறைவில் நின்று, பேராசிரியருக்கு எழுதி அனுப்பினான். கட்டுரையை நிறுத்துங்கள், பிழை என்னுடையது.

திரும்பி வந்து அப்பாவைத் தனியே அழைத்துச் சொன்னான். நேசையன் வெகுநேரம் வேட்டியின் மடிப்பைச் சரிசெய்தார்.

"மெயிலு இங்கிலீஷ்ல தானே போட்ட?"

"ஆமா."

"பின்ன இஞ்ச ஆருக்குத் தெரியப்போவுது? பிளக்ஸ் கிறிஸ்மஸ் வரைக்கும் நிக்கட்டும்."

அபின் ராஜையனைத் தேடிப் போனான். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க கேட்டதுதான் செரி. அது கனத்து விழத்தான் செய்யும். நான் விழவிடாம வெச்சிட்டேன். உள்ள நான் வாசிச்சது பொய்ச்சாட்சி."

ராஜையன் விழித்தார். "நான் என்னத்தக் கேட்டேன்?"

"மேகம் கனக்காதான்னு."

"அதுவா? டீ சூடா இருந்து மக்கா. ஆறுத வரைக்கும் சும்மா கேட்டேன்."

யாராவது தன்னைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று இரண்டு நாள் பயந்திருந்தவனுக்கு, யாருமே கண்டுபிடிக்கவில்லை என்பது இன்னும் கேவலமாக இருந்தது.

"அப்போ வாற ஞாயிறு மைக்குல சொல்லுவியா?" என்றார் ராஜையன்.

அபின் வாசலைப் பார்த்தான். அப்பா பிளக்ஸின் கீழே நின்று போதகருக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"சொல்லணும்."

"செரி. அப்போ அந்த பிளக்ஸு வேண்டாம் இல்லியா? ரப்பர் ஷீட்டு காயப்போடுத கொட்டகை ஒழுகுவு."

அபின் பிளக்ஸின் அருகே நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு ஏறினான். அப்பா பேச்சை நிறுத்தினார். முதல் முடிச்சை அவிழ்த்ததும் கோள் சரிந்தது. அடுத்ததில் படத்திலிருந்த அவனுடைய முகம் நெற்றியிலிருந்து மடிந்து, நேசையனின் தோள்மேல், சிரித்த வாயோடு விழுந்தது.