ஐயா எடுத்த பூசணிக்காய்

என் வீட்டுக்காரர் போடியில் சபைப் போதகர். கையில் காசு தங்காத மனுசன். எழுபத்தெட்டாம் வருஷம் அவர்தான் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் சிக்கனம் பற்றி வகுப்பெடுத்தார்.

"எதை வாங்கினாலும், இது இல்லாம முடியாதான்னு கேளுங்க. ஆபத்துக்குன்னு கொஞ்சம் ஒதுக்குங்க."

மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அறுப்பின் பண்டிகை வந்தது. காணிக்கையாக வந்த காய்கறிகளை ஏலம் விட்டுத்தான் சபைச் செலவைப் பார்ப்போம். மற்ற வருஷங்களில் ஒரு பூசணிக்காய்க்குப் போட்டி போட்டு விலையை ஏற்றுவார்கள். அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"கேளுங்கம்மா," என்று கெஞ்சினார் இவர்.

ஏலக்காய் பறிக்கிற ஞானப்பூ எழுந்தாள். "வீட்டுல பூசணி கெடக்குங்கய்யா. இது இல்லாமலே முடியும்."

நல்லா படித்திருக்கிறாள்! இவர் முகம் சுருங்கிவிட்டது. சபைக்கு நட்டம் வரக்கூடாதென்று மொத்தக் காயையும் தன் சம்பளத்தில் தானே எடுத்துவிட்டார். அரிசி வாங்கக் காசில்லாமல் அந்த வாரம் மூன்று வேளையும் பூசணிக்காய்தான். நான் அவரோடு பேசவில்லை.

சனிக்கிழமை ஞானப்பூ அரிசிப் பையோடு வந்தாள். பின்னால் மற்ற பெண்கள்.

"எதுக்குடி இது?"

"ஆபத்துக்கு ஒதுக்கச் சொன்னாருல்லம்மா. ஐயாவே ஏலம் எடுத்துட்டாரு, இதவிட என்ன ஆபத்து?"