நூல்கண்டில் சுற்றிய குரல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு மேசையில் ஒரு காலி நூல்கண்டைப் பார்த்தேன். நூலுக்குப் பதிலாக அதில் பழுப்பு நிற டேப் ஒரு முழத்துக்குச் சுற்றியிருந்தது. பார்த்த அந்த நிமிடமே கதை என் கையில் என்று தெரிந்துவிட்டது.

[மழை பெய்துகொண்டிருந்தது என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். மழைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.]

2

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டுக்கு வந்ததும் அவள் தேடிப் போவது ரீல் டேப் மெஷினை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் அதன் ஹெட்டைத் துடைப்பாள். ஊசி போடப் போகிறாளோ என்று மெஷினே பயந்துவிடும். பிறகு டேப்பின் நுனியை இழுத்து, உருளைகளுக்கு நடுவே நுழைத்து, காலி ஸ்பூலில் செருகி, விரலால் சுற்றிவிடுவாள். குமிழைத் திருப்பினால் ‘டக்’. ஒலியளவு காட்டும் இரண்டு முள்ளும் துள்ளி எழும், ஸ்பூல்கள் சுற்றும், அக்கா முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ரத்தம் ஓடும்.

(என் போனில் ஆயிரக்கணக்கில் பாட்டு இருக்கிறது. ஒன்றையும் முழுசாகக் கேட்டதில்லை. இந்த மெஷினில் பாட்டைச் சட்டென்று தாண்டிப் போக முடியாது. சும்மா உட்காரத் தெரிந்தவர்களுக்கானது இது.)

அவளுடைய செல்ல டேப் ஒரு வயலின் கச்சேரி. கல்யாணமான புதிதில் ரேடியோ முன்னால் மைக்கை வைத்து எடுத்தது. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, தானே மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்திருக்கிறாள். வயலின் உச்சிக்கு ஏறும்போது வேலையிலிருந்து திரும்பிய மாமா கதவைத் திறந்து சொன்னார்:

[                    ]

(அவர் சொன்னதை மூன்றாம் வரைவில் வெட்டிவிட்டேன். இடம் மட்டும் இருக்கிறது.)

அன்றிலிருந்து யார் வீட்டுக்கு வந்தாலும் அந்த டேப் ஓடும். அந்த இடம் வந்ததும் அக்கா ஆரம்பிப்பாள்: “இதோ வந்துட்டாரு, கச்சேரியக் கெடுக்க!” எல்லோரும் சிரிப்போம். மாமா சுவரைப் பார்ப்பார்.

3

மாமாவை எழுதுவதுதான் தலைவலி. ஆயத்த ஆடை கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அடுக்கடுக்காகப் போட்ட துணியைக் கத்தி விலகாமல் வெட்டுகிற மனிதர், வீட்டில் வாயைத் திறந்து ஒன்று கேட்க மாட்டார். ஒரு கதாபாத்திரத்துக்கு இவ்வளவு சாது குணம் ஆகாது. கொஞ்சம் கோபம் கொடுத்துப் பார்த்தேன். அளவெடுக்காமல் தைத்த சட்டை மாதிரி தொங்கியது. கழற்றிவிட்டேன்.

அவர் செய்ததைச் சொல்கிறேன். கல்யாண நாளுக்கு அக்காவுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்திருக்கிறார். அவள் வேலைக்குப் போயிருந்தபோது ஸ்பூலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, தன் குரல் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் கண்டுபிடித்து, தையல் சாக்பீஸால் கோடு போட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி எடுத்து, மீதியை ஒட்டிவிட்டார். வேலை படு சுத்தம்.

சாயங்காலம் அக்காவை உட்காரவைத்து டேப்பைப் போட்டார். வயலின் ஏறியது. அந்த இடத்தில் ஒரு படி தவறிய மாதிரி ஒரு தடுமாற்றம். பிறகு மேலே போய்விட்டது.

“எங்க?” என்றாள் அக்கா.

“எது?”

“நீங்க எங்க?”

“வெட்டிட்டேன்ல! இத்தன வருஷமா திட்டிட்டு இருந்தியே.”

“திட்டினா வெட்டிடுவீங்களா? அதுக்காகத்தானே அந்த டேப்பையே போடுவேன்!”

“சொல்லியிருக்கலாம்ல?”

“இதெல்லாமா வாய்விட்டுச் சொல்வாங்க?”

4

அக்கா தேம்பித் தேம்பி

[இந்த வாக்கியம் இங்கேயே கிடக்கட்டும். போனில் வாசித்துக் காட்டினேன். “நான் எங்கடா அழுதேன்? மெஷின மூடி வெச்சேன், அவ்ளோதான்” என்றாள்.]

மூடியதுதான் விஷயம். மெஷின்மேல் போர்வையைப் போர்த்திவிட்டாள். வேலையிலிருந்து வந்தால் டீ, பிறகு படுக்கை. மாமா மைக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைந்தார். “அதே வார்த்தைய இப்பவே சொல்றேன், பிடிச்சுக்கோ.”

அக்கா என்னிடம் திரும்பி, “அது அப்ப இருந்தவரு சொன்னதுடா. இவரு வேற ஆளு” என்றாள்.

5

ஆனால் கட்டிங் மாஸ்டர் வெட்டுத்துண்டைக் குப்பையில் போடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை தன் பையைக் கவிழ்த்தார். நூல்கண்டு உருண்டு வந்தது.

அக்கா போர்வையை உருவினாள். அடுத்த சிக்கல் அப்போதுதான் தெரிந்தது. சுற்றியதில் சாக்பீஸ் கோடு அழிந்துபோயிருந்தது. மங்கலான பக்கம் ஹெட்டைத் தொட வேண்டும், அது தெரியும். தலை எது, வால் எது? இரண்டு முனையும் ஒரே சாய்வு. எப்படி வைத்தாலும் கச்சிதமாகப் பொருந்துகிறது. துண்டை ஹெட்டின்மேல் கையால் இழுத்துக் கேட்டோம். இரண்டு பக்கமும் ஒரே உறுமல். மாற்றி ஒட்டினால் மாமா பின்னாலிருந்து முன்னால் பேசுவார்.

“ஒரே தடவதான். பழைய டேப். ஒட்டினத உரிச்சா உதிர்ந்துடும்” என்றாள் அக்கா.

கைவசம் மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

அ. சரியாக ஒட்டுகிறாள். குரல் வருகிறது, திட்டும் வருகிறது. மாமா இந்தமுறை சுவரைப் பார்க்கவில்லை.

ஆ. மாற்றி ஒட்டுகிறாள். எந்த மொழியிலும் இல்லாத ஏதோ ஒன்றை மாமா உளறுகிறார். இனி ஆயுசுக்கும் அதற்குத்தான் திட்டு.

இ. டேப் உதி

[இல்லை. என் கதையில் அது நடக்காது. எழுதுகிறவனுக்கு இந்த அதிகாரம்கூட இல்லையென்றால் பேனாவைக் கீழே வைத்துவிடலாம்.]

அக்கா பஞ்சில் ஸ்பிரிட் தொட்டாள். பிளேடை எடுத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ வெளிய போடா. கதை எழுதறவன் பக்கத்துல நின்னா வேலை ஓடாது.”

கதவைச் சாத்தினாள். நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே ‘டக்’. வயலின் ஏறத் தொடங்கியது. அது உச்சியைத் தொடுவதற்குள் படியிறங்கிவிட்டேன். மறுநாள் போனில் கேட்டதற்கு, “கதை உன்னோடது, டேப் என்னோடது” என்று வைத்துவிட்டாள்.

ஆகவே நீங்கள்தான் ஒட்ட வேண்டும். இரண்டாம் பகுதியில் காலியிடம் அப்படியே இருக்கிறது. நான் வெட்டிய துண்டு இதோ. தலை எது, வால் எது என்பது உங்கள் பாடு.

“மழை வருது. உன் செருப்ப உள்ள எடுத்து வெச்சிட்டேன்.”