கயிற்றில் கட்டிய லப்பே

கிட்டி நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தான். விருந்தாளியாகப் போன இடத்தில் அக்கம்பக்கத்தாருக்குக் கையில் ஏதாவது கொடுக்காமல் இருப்பது அவன் ஊரான தாய்லாந்தில் மரியாதைக் குறைவு. ஆனால் ரங்கூன் பசுண்டாங் சந்தையில் பழமும் பிஸ்கட்டும் குவிந்து கிடக்கும்போது மனிதனின் கை போய் விழுந்தது லப்பேயின் மேல். கடைக்காரி பர்மியில் "வீடு வீடாகக் கொடுக்கவா?" என்று கேட்டு, விரல்களால் படியேறிக் காட்டியிருக்கிறாள். பாஷை தெரியாத இவன் பல்லெல்லாம் தெரியத் தலையாட்டியிருக்கிறான். அவளும் வழக்கப்படி இலையில் சுருட்டி, மூங்கில் குச்சி குத்தி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

லப்பே என்றால் ஊறவைத்த தேயிலை. பூண்டும் எண்ணெயும் வறுத்த கடலையும் சேர்த்து ரங்கூனில் எல்லோரும் தினமும் தின்பதுதான். தட்டில் வைத்தால் அது வெறும் தின்பண்டம். இலைப் பொட்டலமாக வீடு வீடாகப் போனால் அது கல்யாண அழைப்பு. அச்சடித்த பத்திரிகை வந்தபிறகும் பழைய சந்துகளில் இந்த வழக்கம் விட்டுப்போகவில்லை. பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டவர்கள், வருகிறோம், எங்களுக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டதாகக் கணக்கு.

கிட்டி தங்கியிருந்த சந்தில் எந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். கீழ்நுனியில் ஒரு கிளிப், மேல்நுனியில் ஒரு மணி. செய்தித்தாளும் சாப்பாட்டுப் பொட்டலமும் கயிற்றில்தான் மேலே போகும். வந்த நாளிலிருந்து கிட்டிக்கு அந்தக் கயிறுகளின் மேல் ஒரு கண். செவ்வாய்க்கிழமை சாயந்திரம், இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து ரோஜா நிறப் பட்டில் பசோ என்கிற ஆண்கள் கைலியை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கி, கயிறு கயிறாகப் பொட்டலத்தை மாட்டி மணியடித்தான். பால்கனிகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. கீழே பட்டு, புன்னகை, லப்பே. மாப்பிள்ளைக்கு இதைவிட வேறென்ன லட்சணம் வேண்டும்.

அப்போது அவன் தங்கியிருந்த நாலாம் மாடி வீட்டில் வேறு ஆளில்லை. அந்த வீட்டின் ஒரே பெண், கல்யாணமாகாத ஆன்மேரி, அந்தோணியார் கோயில் நவநாளுக்குப் போயிருந்தாள். அவள் தம்பி சிங்கராயர், வீட்டில் ராயன், சூலே பக்கம் தன் டிராவல்ஸ் ஆபீசில் ஒரு டிக்கெட் விவகாரத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

ராயனுக்கு நாற்பத்தாறு வயது. ரங்கூன் வியாபாரிகளைக் கும்பல் கும்பலாகப் பட்டாயாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், பவளத் தீவையும் முதலைப் பண்ணையையும் காட்டிக் கூட்டிவருவது அவன் தொழில். இருட்டியதும் கும்பலை உள்ளூர் வழிகாட்டியின் தலையில் கட்டிவிட்டு, ஜொம்தியன் பக்கம் ஒரு தெருவுக்குப் போவான். அங்கே ஆண்கள் ஆண்களோடு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து குடிப்பார்கள், பாடுவார்கள், தோளில் சாய்வார்கள். யாரும் யாரையும் முறைத்துப் பார்ப்பதில்லை. முதல் தடவை போனபோது ராயன் ஒரு மூலையில், பையை மடியில் வைத்துக்கொண்டு, வங்கியில் டோக்கனுக்குக் காத்திருப்பவனைப் போல உட்கார்ந்திருந்தான். அந்த மதுக்கடையின் சொந்தக்காரன் வந்து பையை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கல்லாவுக்குப் பின்னால் வைத்தான். "இங்கே உன்னை யாரும் தேடவில்லை. கையைக் காலை நீட்டி உட்கார்," என்றான். அவன்தான் கிட்டி.

அந்தத் தெருவில் கிழட்டு வெள்ளைக்காரர்களும் அவர்கள் பேரன் வயதுப் பையன்களும் ஜோடி ஜோடியாக இருப்பார்கள். இவர்கள் அந்த ரகம் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே அளவு தொந்தி, ஒரே மாதிரி மூட்டுவலி. தாய்லாந்து மொழியும் ஆங்கிலமும் கலந்து அவர்கள் பேசிக்கொண்ட பாஷை ஊரில் வேறு யாருக்கும் புரியாது. நாலு வருஷமாக எப்போதும் ராயன்தான் போனான். தாய்லாந்தில் இவர்களைப் போன்றவர்களும் கல்யாணம் பதிவு செய்யலாம் என்று சட்டம் வந்தபிறகு, கிட்டி ஒருநாள் கண்ணாடி டம்ளர்களைத் துடைத்துக்கொண்டே, "செய்துகொள்வோமா?" என்று கேட்டான். ராயன் அக்கா என்றான், ஊர் என்றான், பார்க்கலாம் என்றான். "சரி, அப்படியென்றால் நானே வந்து பார்க்கிறேன்," என்று கடையைப் பூட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டான் கிட்டி. சந்தில் எல்லோரிடமும், தொழில் சிநேகிதர் என்று சொல்லி வைத்திருந்தான் ராயன்.

அன்றைக்கு அவன் வீடு திரும்பியபோது, கீழே டீக்கடை வைத்திருக்கும் இப்ராஹிம் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன ராயண்ணே, இப்படி மறைச்சிட்டீங்களே. ஆன்மேரி அக்காவுக்குக் கல்யாணம்னா எங்களுக்குச் சந்தோசம் இல்லியா?"

ராயன் நாலு மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறினான். ஆன்மேரி கோயிலுக்குப் போன புடவையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் முகம் அப்படிச் சிவந்து அவன் பார்த்ததில்லை. அம்மா செத்தபிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கி, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, ஊரார் வீட்டு லப்பேயையெல்லாம் தின்று தீர்த்தவள் அவள். அவள் வீட்டிலிருந்து ஒரு பொட்டலமும் வெளியே போனதில்லை.

"ரெண்டாம் மாடி சொர்ணம் வந்து கட்டிப்பிடிச்சுட்டுப் போறா. கண்ணெல்லாம் தண்ணி அவளுக்கு," என்றாள்.

"நீ இல்லேன்னு சொல்லலியா?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்புறம் உன்ன நெனச்சேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு அவர் பாஷ தெரியாது ராயா. ஆனா நாலு வருசமா நீ போன்ல பேசுறப்ப உன் குரல் எப்படி இருக்கும்னு தெரியும். எம் மாப்பிள்ளன்னே இருக்கட்டும். வரலாம், போவலாம், தங்கலாம். யார் என்ன கேக்கப் போறா?"

அக்காவுக்குத் தெரியும் என்பது ராயனுக்கு அப்போதுதான் தெரிந்தது. தலையிலிருந்த மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. ஆணும் ஆணும் சேர்வது குற்றம் என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்துவிட்டுப் போன சட்டம் இன்னும் புத்தகத்தில் கிடக்கிற ஊரில் இதைவிடப் பத்திரமான வழி கிடைக்குமா. கிடைக்காது என்று அவன் மனசு உடனே சொன்னது. அப்படி உடனே சொன்னதுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

கிட்டியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவன் முதலில் வயிறு குலுங்கச் சிரித்தான். அக்காவின் ஏற்பாட்டைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"உன் அக்காவை எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் அவளைக் கேட்டு வரவில்லை," என்றான். "ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பும்போது இந்தப் படியில் நான் யாருடைய ஆளாக இறங்குகிறேன் என்று எனக்குத் தெரியவேண்டும். பொய்யாக இறங்கினால், மறுபடி ஏற மாட்டேன்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ராயன் பதிலுக்குச் சண்டை போட்டுத் தப்பித்திருப்பான்.

அடுத்த மூன்று நாளும் சந்து முழுக்க ஆன்மேரியின் பேச்சுதான். இப்ராஹிம் டீக்குக் காசு வாங்க மறுத்தான். மாடிப்படியில் பெண்கள் அவளை நிறுத்தி, மாப்பிள்ளை நல்ல நிறம் என்றார்கள். அவள் தலையில் ஒரு முழம் மல்லிகை ஏறியது. சமையலறையில் அவளும் கிட்டியும் பாஷையே இல்லாமல், ஒருவர் கரண்டியை ஒருவர் பிடுங்கிச் சமைத்தார்கள். கிட்டி போட்ட மிளகாயில் அவளுக்குக் கண் நிறைந்தது, ஆனாலும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள். அக்கா பாத்திரம் கழுவும்போது முனகிப் பாடுவதை ராயன் வாசலில் நின்று கேட்டான். இந்தச் சந்தோஷத்தை எப்படிக் கெடுப்பது என்று ஒரு பக்கம். கெடுக்காவிட்டால் கிட்டி போய்விடுவான் என்று ஒரு பக்கம். சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை மதியம், மின்சாரம் வந்து விசிறி சுற்றத் தொடங்கிய நேரத்தில், சொர்ணம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தாள். தெய்ஞ்சி சந்தையில் துணிக்கடை வைத்திருப்பவள். புருஷன் போனபிறகு தனியாளாக நின்று கடையையும் இரண்டு பெண்களையும் கரையேற்றியவள். அவள் வாய்க்குப் பயந்து சந்தே அடங்கும். கையில் இருந்த ஜவுளிப் பையைக் கூடத்தில் பிரித்தாள். அலை அலையாய் நெய்த தாமரை நிறப் பட்டு, ஒரே ஜோடி. ஆணுக்குப் பசோ, பெண்ணுக்குத் தமெய்ன்.

"மாப்பிள்ள, செத்த நில்லுங்க," என்று பசோவை விரித்துக் கிட்டியின் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். "பொருத்தமாத்தான் இருக்கு. நீ இதப் புடி ஆன்மேரி."

ஆன்மேரி தமெய்னை மடியில் போட்டு, நெசவின் மேல் விரலை மெதுவாக ஓட்டினாள். "நல்லா இருக்கு சொர்ணம்," என்றாள்.

"தேதி எப்ப? உங்க சாமியார் ஒத்துக்கிட்டாரா? இவரு புத்த மதமாச்சே."

இடுப்பில் பட்டோடு நின்ற கிட்டி, சொர்ணம்மாளின் தலைக்கு மேலாக ராயனைப் பார்த்தான். கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. பார்த்தான், அவ்வளவுதான். ஆன்மேரி பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"சொர்ணக்கா," என்றான் ராயன். "கல்யாணம் அக்காவுக்கு இல்ல."

"பின்ன யாருக்கு?"

"எனக்கு."

"ஒனக்கா. நல்லதுதானப்பா. பொண்ணு யாரு?"

ராயன் கையை நீட்டிக் கிட்டியைக் காட்டினான். "பொண்ணு இல்லக்கா. இவருதான். நாலு வருசமா. நான்தான் யார்கிட்டயும் சொல்லல. அக்கா எனக்காகத் தம்மேல போட்டுக்கிட்டா."

சொர்ணம்மாள் ராயனைப் பார்த்தாள், கிட்டியைப் பார்த்தாள், ஆன்மேரியை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கிட்டியின் இடுப்பிலிருந்த பசோவை உருவி, கடை மடிப்பு கலையாமல் மடித்தாள். ஆன்மேரியின் மடியிலிருந்த தமெய்னையும் எடுத்து மடித்தாள். இரண்டையும் பைக்குள் வைத்தாள்.

"வாரேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவள் செருப்புச் சத்தம் கீழே தெருவரை போவது கேட்டது.

"போச்சு," என்றாள் ஆன்மேரி. மல்லிகையைத் தலையிலிருந்து எடுத்து மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள். "மூணு நாள் கல்யாணப் பொண்ணா இருந்தேன். அது போதும் விடு."

"அக்கா, என்ன மன்னிச்சிரு."

"எதுக்கு? வாயத் தொறந்தியே, அதுக்கா? போடா." அவள் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவள் கண்ணில் வந்த தண்ணீருக்கு வெங்காயம் ஒரு சாக்காக இருந்தது.

கிட்டிக்கு எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நீட்டின விரல் எல்லா பாஷையிலும் விரல்தான். அவன் வந்து ராயனின் தோளில் தலையை வைத்தான், ஜொம்தியன் தெருவில் வைப்பதைப் போலவே, அக்கா உட்கார்ந்திருக்கும் கூடத்தில். "போனதும் பதிவு ஆபீசில் தேதி கேட்கிறேன்," என்றான். ராயனுக்குப் பயமாக இருந்தது. நாளைக்கு இந்தச் சந்து எப்படிப் பார்க்குமோ, தெரியாது. ஆனால் பசித்தது. மூன்று நாளில் முதல் தடவையாக நன்றாகப் பசித்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் பால்கனி மணி அடித்தது. கிட்டிதான் போய்க் கயிற்றை இழுத்தான். கிளிப்பில் அதே ஜவுளிப் பை தொங்கிக்கொண்டு மேலே வந்தது. உள்ளே தாமரை நிறப் பட்டில் பசோ இருந்தது. அதன் கீழே அதே நெசவில் இன்னொரு பசோ.

ராயன் எட்டிப் பார்த்தான். சொர்ணம்மாள் தெருவில், சந்தையிலிருந்து வந்த சைக்கா ரிக்ஷாவிலிருந்து அப்போதுதான் இறங்கிய வேர்வையோடு நின்றாள்.

"ரெண்டு பேருமே பசோ கட்டுறவுங்கன்னா ரெண்டு பசோ வேணுமில்ல," என்று கீழிருந்தே சொன்னாள். அவள் சொன்னால் அது சந்து முழுக்கக் கேட்கும். "சந்தைய மூடுறதுக்குள்ள இதே நெசவப் புடிக்கணும்னு ஓடினேன். ஒன்னும் சொல்ல நேரமில்ல."

டீக்கடையிலிருந்து இப்ராஹிம் நிமிர்ந்து பார்த்தான். இரண்டு மூன்று பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள்.

"என்ன எல்லாரும் பாக்குறீங்க?" என்றாள் சொர்ணம்மாள், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். "லப்பேயத் தின்னாச்சு. தின்னுட்டு இப்ப வரமாட்டேன்னு சொல்லுவீங்களா? ராயா, சாப்பாடு எப்பன்னு மட்டும் சொல்லு."

இப்ராஹிம் தலையைச் சொறிந்தான். சற்று யோசித்தான். "பிரியாணி நான் வெக்கிறேன். வேற யார்கிட்டயும் குடுத்துராதீங்க," என்றான்.

அதற்குள் கிட்டி பையைத் தலைகீழாகக் கவிழ்த்திருந்தான். அடியிலிருந்து அந்தத் தமெய்னும் விழுந்தது. ஆன்மேரி அதைக் கையில் எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தாள்.

"இது எதுக்கு சொர்ணம்? கல்யாணந்தான் எனக்கு இல்லேன்னு ஆயிருச்சே."

"யார் சொன்னா? தம்பி கல்யாணத்துல பழசக் கட்டிக்கிட்டா நிப்பே? ஒன் வீட்டு லப்பேய நான் எத்தன வருசமா எதிர்பாத்துக்கிட்டிருந்தேன்."

ஆன்மேரி தமெய்னோடு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது புதுத் தமெய்னைக் கட்டியிருந்தாள். மாதா படத்திலிருந்து மல்லிகையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள்.