ஜன்னல் சீட்டு

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான்: பேருந்து நிலையத்தில் ஜன்னலோரம் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள், கீழே ஒருவன் சிரித்தபடி கையாட்டிக்கொண்டிருந்தான். மற்றதெல்லாம் என் கற்பனை. அதற்காக நம்பாமல் இருந்துவிடாதீர்கள்.

2

‘வீடற்றவர்களின் துயரம் என்பது…’ (அடித்துவிட்டேன். மேடைப்பேச்சு.)

‘கிழிந்த துணியும் பரட்டைத் தலையுமாக அவள்…’ (இதையும் அடித்தேன். அப்படி இருந்தால் முதல் நாளே விரட்டியிருப்பார்கள்.)

அவள் தலையை வாரி, துணியை நீவி, பெட்டியும் கையுமாகப் பேருந்து நிலையத்தின் காத்திருப்போர் கூடத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பாள். ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். இவள் விஷயத்தில் பெட்டிதான் முக்கால்வாசி. பெட்டி இருந்தால் பயணி, இல்லாவிட்டால் பிச்சைக்காரி. விடிந்ததும் மருத்துவமனைக்குத் தரை துடைக்கப் போவாள். பெட்டி அங்கே விளக்குமாறு வைக்கும் அறையில் கிடக்கும். சாயங்காலம் இரண்டும் திரும்பி வரும்.

“எந்த வண்டிம்மா?” என்று காவலாளி தினமும் கேட்பான். எதிரே நிற்கும் வண்டியின் பலகையைப் படித்துச் சொல்வாள். அவனுக்கும் விஷயம் தெரியும். இருந்தாலும் கேட்பான், அவளும் சொல்வாள்.

3

இங்கே தம்பியைக் கொண்டுவந்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

அவன் மூட்டை தூக்குகிறவன். ஒற்றை அறையில் மனைவி, பிள்ளைகள். அக்காவும் அங்கேதான் இருந்தாள், அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே படுத்துக்கொண்டு. தம்பி மனைவி முகம் சுளித்தவளில்லை. (சுளிக்கவைத்துப் பார்த்தேன். கதை சுலபமாகிவிட்டது, எடுத்துவிட்டேன்.) ஆனால் அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். காலை நீட்ட இடமில்லை. அதனால் அக்கா ஒரு பொய் சொன்னாள்: “வேலை கிடைச்சிருக்குடா. தங்க இடமும் அவங்களே தர்றாங்க.”

இன்று சாயங்காலம் பேருந்து நிலையத்தில் மூட்டை இறக்க வந்தவன் அவளைப் பார்த்துவிட்டான்.

“அக்கா! எங்க கிளம்பிட்ட?”

காவலாளிக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். எதிரே இருந்த பலகையைப் படித்துவிட்டது.

“லீவு குடுத்தாங்களா? நல்லது, போயிட்டு வா. இரு, டிக்கெட் நான் எடுக்கிறேன்.”

“வேணாம்டா, நானே…”

“என்னிக்காவது உனக்கு ஒண்ணு செஞ்சிருக்கேனா நான்? சும்மா இரு.”

ஓடிப்போய் வாங்கி வந்தான். பெட்டியைத் தானே தூக்கி உள்ளே வைத்தான். “ஜன்னல் சீட்டுக்கா!”

4

பலகையில் இருந்த அந்த ஊரில் அவளை ஏனென்று கேட்க ஒரு நாதியில்லை. காலையில் வேலைக்குப் போகாவிட்டால் அந்த வேலையும் வேறொருத்திக்குப் போய்விடும். சரி, உண்மையைச் சொல்லிவிட்டால்?

சொல்கிறாள், தம்பி வீட்டுக்குக் கூட்டிப் போகிறான் என்று ஒரு முடிவு எழுதினேன். அவள் படுத்த இடத்தில் இப்போது தொட்டில் தொங்குகிறது. அங்கே இன்னொரு பாயை விரிக்க என்னால் முடியவில்லை.

வழியில் இறங்கித் திரும்பிவிடலாமே என்பீர்கள். தம்பிக்கு இன்று விடியும்வரை நிலையத்தில்தான் வேலை. அவன் கண்ணில் படாமல் எங்கே போய்ப் படுப்பாள்?

இன்னொரு முடிவில் காவலாளி வாயைத் திறந்து… (பாவம், அவன் பிழைப்பில் எதற்கு மண்ணைப் போடுவது.)

5

எழுதுகிறவன் நான். நினைத்தால் வண்டியை நிறுத்திவிடலாம். நிறுத்தி, அவளை எங்கே இறக்கிவிடுவது? காகிதத்தில் வீடு கட்டச் செங்கல்லா வேண்டும்? கட்டினேன். ஒரு அறை, ஒரு பூட்டு, ஒரு சாவி. படித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. கதையில்கூட அவளுக்கு ஓர் இடம் கொடுக்க முடியாமல் போனதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

“போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுக்கா!” என்று தம்பி கத்துகிறான். முதல்முறையாக அக்காவுக்கு ஏதோ செய்துவிட்ட பெருமை, முகமெல்லாம் பல்லாக நிற்கிறான். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு,

“தம்பி, நான்…”

இதற்கு மேல் என்ன சொல்லவேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். சீக்கிரம். ஓட்டுநர் ஏறிவிட்டார்.