மஸ்கட் வழியாகப் பேசிய அப்பா

விழிதியூர் நவநீதனின் குரல் அவருடைய மகளின் காதில் மட்டும் விழாமல் போனது வைகாசி மாதம் பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு. மற்ற எல்லோருக்கும் கேட்டது. மாட்டுக்குக் கேட்டது, எதிர்வீட்டுக் காசியம்மாவுக்குக் கேட்டது, தெருமுனையில் காய்கறி வண்டிக்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வண்டியைத் திருப்புகிற அளவுக்குக் கேட்டது. ஐந்து வயது கார்முகில் மட்டும், பல் தேய்க்கச் சொல்லி எதிரில் நின்ற அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவர் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். முந்தின நாள்தான் அவளுடைய அம்மா சிவப்ரியா, மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு, இரண்டு வருட ஒப்பந்தத்தில் விமானம் ஏறியிருந்தாள்.

காரைக்காலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினார்கள். டாக்டர் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்தார், கேட்டது. அடுத்த அறையில் மின்விசிறி கிறீச்சிடுவதைக் குழந்தையே அவருக்குச் சொன்னது. பிறகு நவநீதனைப் பேசச் சொன்னார். நவநீதன் பேசப் பேச, கார்முகில் சுவரில் இருந்த காலண்டரில் யானைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். காதும் நன்றாக இருக்கிறது, குரலும் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதினார். வந்ததற்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதால் சத்து டானிக் ஒன்றையும் எழுதிக் கொடுத்தார்.

குரல் எங்கே போகிறது என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. மஸ்கட்டிலிருந்து சிவப்ரியா போன் செய்தாள். "என்னங்க, காலைல பல்லு தேச்சியா, பல்லு தேச்சியான்னு கேட்டீங்களா?"

"பாப்பாவக் கேட்டேன்."

"எனக்குல்ல கேக்குது! பக்கத்துல நின்னு கத்துற மாதிரி கேக்குது."

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்பதை ஊர் இரண்டு நாளில் புரிந்துகொண்டது. நவநீதன் கெட்ட அப்பா இல்லை. மகள் பிறந்த அன்று தெரு முழுக்க சர்க்கரை கொடுத்தவர். ஆனால் அந்த ஐந்து வருடத்தில் அவர் மகளிடம் நேராக ஒரு வாக்கியம் பேசியதில்லை. "அவளச் சாப்பிடச் சொல்லு", "வெயில்ல ஆட வேணாம்னு சொல்லு", "தூங்கச் சொல்லு" என்று எல்லாமே சிவப்ரியாவிடம்தான். மகளின் நான்காவது பிறந்தநாளன்று, கேக்குக்கு எதிரில் நின்றுகொண்டு, "நல்லா இருக்கச் சொல்லு" என்றார். அவருடைய அப்பாவும் அப்படித்தான், அந்தப் பக்கத்தில் முக்கால்வாசி அப்பாக்கள் அப்படித்தான், அது ஒரு குறை என்று யாரும் நினைத்ததும் இல்லை. ஆகவே அவர் குரலுக்குத் தெரிந்தது ஒரே பாதை. சிவப்ரியா அடுப்படியில் இருந்தபோது அடுப்படிக்குப் போனது, அவள் மஸ்கட் போனதும் பழகின மாடு போல மஸ்கட்டுக்குப் போனது.

முதலில் ஒப்பேற்றினார்கள். நவநீதன் இங்கே "சாப்புடு" என்பார், சிவப்ரியா அங்கே கேட்டுவிட்டு போன் போட்டு, "பாப்பா, அப்பா சாப்பிடச் சொல்றாரு" என்பாள், கார்முகில் சாப்பிடுவாள். கடல் தாண்டிப் போய் வந்த அந்தச் சொல், சோறு ஆறுவதற்குள் வந்து சேர்ந்துவிடும். ஆனி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் வார்டுக்குள் போன் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரமே கார்முகில் பந்துக்குப் பின்னால் சாலைக்கு ஓடினாள். நவநீதன் "நில்லு!" என்று போட்ட சத்தத்தில் வயலில் இருந்த கொக்குகள் கிளம்பின. மகள் நிற்கவில்லை. வந்த மோட்டார் சைக்கிள்தான் ஒரு முழம் இடைவெளியில் நின்றது. அதே நேரம் மஸ்கட்டில், ஒரு கிழவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த சிவப்ரியா அப்படியே நின்றுவிட்டாள். தன் மகளுக்கு ஏதோ ஆகிறது, என்னவென்று தெரியவில்லை என்ற அந்தக் கால் மணி நேரத்தை அவள் பிறகு யாரிடமும் விவரிக்கவில்லை. அன்று மாலை போனில் அழுதுகொண்டே முடிவைச் சொன்னாள். ஆவணி முடியும்வரை பார்ப்பது. அதற்குள் அவர் பேச்சு பிள்ளைக்குக் கேட்கவில்லை என்றால், அக்கா பிரதீபா பாண்டியிலிருந்து வந்து பாப்பாவை அழைத்துப் போவாள், அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பாள். நவநீதன் ஒப்புக்கொண்டார், ஏனென்றால் அந்த மோட்டார் சைக்கிளை அவரும் பார்த்திருந்தார்.

விழிதியூர் பால்வாடியின் டீச்சர் மங்கையர்க்கரசி கொஞ்சம் பிடிவாதக்காரி. பதிவேட்டில் அம்மாவின் கையெழுத்துக்கு மட்டும் கட்டம் இருப்பதைப் பதினோரு வருடம் பார்த்துவிட்டு, அந்தச் சித்திரையில் ஸ்கேலும் பேனாவும் எடுத்து, பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு 'அப்பா' என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாக்கள் பிள்ளைகளோடு பால்வாடிக்கு வர வேண்டும், இரண்டு மணி நேரம், வேறொன்றும் இல்லை. ஊர் இதற்கு 'ஆம்பள பால்வாடி' என்று பெயர் வைத்து, டீக்கடையில் ஒரு மாதம் சிரித்தது. அறுவடை மிஷின் டிரைவர் முத்தையனும், காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த தெட்சிணாமூர்த்தியும் மட்டும் வந்தார்கள். முத்தையன் ஆந்திரா, கர்நாடகா என்று மிஷினோடு போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அவர் மகன் கண்ணுக்கு ஒரு சாண் குறைந்து தெரிந்தார். அந்த வருடம் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தார். தெட்சிணாமூர்த்தியின் மகளோ தினமும் சாயங்காலம் அவரை வாசலில் நிறுத்தி, யாரைப் பார்க்க வேண்டும் என்று மரியாதையாக விசாரித்தாள். மூன்றாவது ஆளாக நவநீதன் போய்ச் சேர்ந்தார். சின்ன நாற்காலியில் உட்கார முடியாமல் தரையில் உட்கார்ந்தார்.

பால்வாடியில் ஒரே விதி. 'சொல்லு' என்ற வார்த்தை உள்ளே வரக்கூடாது, சொன்னவர் துடைப்பம் எடுத்துத் தரையைக் கூட்ட வேண்டும். முதல் நாள் பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பின்னுவது. தெட்சிணாமூர்த்திக்கு நவநீதன் பக்கத்தில் இருந்த எண்ணெய்க் கிண்ணம் வேண்டியிருந்தது.

"டீச்சர், அந்தக் கிண்ணத்த இப்புடித் தள்ளச் சொல்லுங்க."

"அவரு ஒங்க முழங்கை இடிக்கிற தூரத்துல ஒக்காந்துருக்காரு. அவருகிட்டயே கேளுங்களேன்."

"வேணும்னா எடுத்துக்கச் சொல்லுங்க டீச்சர்" என்றார் நவநீதன்.

இருவரும் ஆளுக்குப் பாதியாகக் கூட்டினார்கள். அன்றைக்கு பால்வாடி நான்கு முறை கூட்டப்பட்டது. அந்தக் கட்டடம் அவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை என்று எதிர்ப்பக்கத்து வீட்டார் இன்றும் சொல்வார்கள்.

நவநீதன் ஒரு ஞாயிறும் தவறவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வந்து குறுவை நடவு ஓடிய வாரத்தில், சேற்றுக் காலோடு வந்து, காலை வெளியே அலம்பிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். வீட்டில் வைக்கோல் பிரியில் மூன்று கால் பின்னல் போட்டுப் பழகினார். பார்த்தவர்கள் மாட்டுக்கு ஜடையா என்று கேட்டார்கள், அவர் பாட்டுக்குப் பின்னினார். மகளிடம் நேராக உட்கார்ந்து பேசினார். பாடப்புத்தகத்தை வாசித்தார், கதை சொன்னார், உரக்கச் சொன்னார், காதருகே சொன்னார். எல்லாம் மஸ்கட்டுக்கே போய்ச் சேர்ந்தது. சிவப்ரியா ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் முழுவதையும் வார்டில் நடந்துகொண்டே கேட்டு முடித்தாள். ஆடி முடிந்தபோது, ஊரில் அவரைக் கேலி செய்தவர்களே, போதும்யா, பிள்ளையை அனுப்பிவிடு என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். கேலியைவிட இது அவருக்கு அதிகமாக வலித்தது.

ஆவணி எட்டாம் தேதி காலை, பால்வாடிக்குக் கிளம்பும் அவசரத்தில் சீப்பு சிக்கில் மாட்டிக்கொண்டது, நவநீதன் இழுத்துவிட்டார். கார்முகிலின் தோள் குலுங்கியது. சீப்பைக் கீழே போட்டுவிட்டு, "வலிச்சுதா?" என்றார்.

"கொஞ்சம்" என்றாள் கார்முகில்.

நவநீதன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, சந்தோஷத்தில் புத்தி கெட்டு, "இன்னொரு தடவ சொல்லு பாப்பா, இங்க பாரு, சொல்லு!" என்று கத்தினார். அது மஸ்கட்டுக்குப் போய்விட்டது. பாதிப் பின்னலோடு மகளைத் தூக்கிக்கொண்டு பால்வாடிக்கு ஓடினார். மங்கையர்க்கரசி விஷயத்தைக் கேட்டு, அடுப்பில் இருந்த சத்துமாவைக் கிளறிக்கொண்டே யோசித்தார். "தம்பி, நீங்க இத்தன நாளு பேசுனதெல்லாம் அடுத்தவங்க கையில குடுத்து அனுப்பலாம். பல்லு தேய், சாப்புடு, ஆடாத. புத்தகத்துல உள்ளத யாரு வேணா படிக்கலாம். ஆனா வலிச்சுதான்னு யாரு கேக்கறது? தலைய இழுத்தவருதான கேக்கணும்?"

அதன் பிறகு நவநீதன் அந்த மாதிரி வாக்கியங்களைத் தேட ஆரம்பித்தார். நாற்பத்திரண்டு வயது மனிதரிடம் அவை அதிகம் இருக்கவில்லை. வரப்பில் நடக்கும்போது தேடினார், களை எடுக்கும்போது தேடினார், ஒரு நாளைக்கு ஒன்று கிடைத்தால் பெரிது. "நேத்து வயல்ல ஒரு நண்டு என் கால் வெரலப் புடிச்சிருச்சு பாப்பா, நான் பயத்துல கத்திட்டேன்" என்றது அப்படியே போய்ச் சேர்ந்தது. நண்டு எவ்வளவு பெரிது என்று கார்முகில் மூன்று நாள் கேட்டாள். சின்ன வயதில் தனக்குக் கணக்கு வராது என்பது போய்ச் சேர்ந்தது. தூக்கத்தில் நீ சிரித்தாய், நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது போய்ச் சேர்ந்தது. "ஓடாத" மட்டும் போகவில்லை, "வா" போகவில்லை.

ஆவணி கடைசி நாள் காலை பத்து மணிக்குப் பிரதீபா பாண்டியிலிருந்து காரில் வந்து இறங்கினாள். கல் நெஞ்சுக்காரி இல்லை. தங்கை அழுததைக் கேட்டவள், பிள்ளை அடிபடுவதற்குள் கூட்டிப் போக வேண்டும் என்று வந்தவள். கார்முகிலின் உடுப்புகள் பையில் அடுக்கப்பட்டிருந்தன. அவள் தெருவின் அடுத்த கோடியில், முத்தையன் வீட்டு வாசலில் பிள்ளைகளோடு ஆடிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. இங்கேருந்து ஒரு தடவ கூப்புடுங்க. புள்ள திரும்பிப் பாத்துட்டான்னா, நான் ஒரு காபி குடிச்சிட்டுக் கெளம்பிடறேன்" என்றாள் பிரதீபா.

நவநீதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, இங்க வா!" என்று கூப்பிட்டார். தெருவே திரும்பிப் பார்த்தது. கார்முகில் திரும்பவில்லை. சட்டைப் பையில் போன் அடித்தது, மஸ்கட். அவர் எடுக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். கூப்பிட்டுப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. தெருக்கோடியில் ஆடிக்கொண்டிருந்த அந்தச் சின்ன முதுகைப் பார்த்தபடி, தனக்குள் சொல்லிக்கொள்வதைப் போல மெல்ல ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற பிரதீபாவுக்குக்கூட அது கேட்கவில்லை.

தெருக்கோடியில் கார்முகில் ஆட்டத்தை நிறுத்தினாள். திரும்பினாள். ஓடி வந்து அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "நான் போயிட்டா ஒனக்கு ஏன் பயமா இருக்கும்? நான் எங்க போறேன்?" என்று கேட்டாள். நவநீதன் தெருவில் எல்லோரும் பார்க்க அழுதார். முத்தையன் வந்து பார்த்தார், தெட்சிணாமூர்த்தி வந்து பார்த்தார், யாரும் யாரையும் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. பிரதீபா காபி குடித்தாள், உடுப்புகளைப் பையிலிருந்து எடுத்துத் தானே மறுபடி அலமாரியில் அடுக்கினாள், மதியத்துக்குள் கிளம்பிவிட்டாள்.

மற்றதெல்லாம் மெல்ல மெல்ல வந்தது. "வா" புரட்டாசியில் போய்ச் சேர்ந்தது, "நில்லு" ஐப்பசி மழைக்கு முன்னால். "சாப்புடு" என்பது மஸ்கட்டுக்குப் போவது நின்ற பிறகும் இன்றுவரை கார்முகிலுக்குக் கேட்கவில்லை, ஆனால் அது அந்த வீட்டுக் குறை மட்டும் இல்லை என்று ஊர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆம்பள பால்வாடிக்கு இப்போது பதினான்கு பேர் வருகிறார்கள். டீக்கடைக்காரரும் வருகிறார். முத்தையன் தன் மகன் கண்ணுக்கு இடுப்புவரை வளர்ந்துவிட்டார், இன்னும் வளர்வார் என்று டீச்சர் சொல்கிறார்.

மஸ்கட்டில் சத்தம் நின்றுபோனது. வார்டில் நிம்மதியாக ஊசி போட முடிந்தது, முதல் வாரம் சிவப்ரியா கடவுளுக்கு நன்றி சொன்னாள். இரண்டாம் வாரம் காதை ஒருமுறை சுத்தம் செய்துகொண்டாள். மூன்றாம் வாரம் போன் செய்தாள்.

"என்னங்க, ஒண்ணுமே கேக்கலையே."

"பாப்பாவுக்கே கேக்குதுல்ல இப்ப."

"அப்ப எனக்குன்னு ஒங்கிட்ட ஒண்ணும் இல்லியா?" என்றாள். கல்யாணமான ஏழு வருடத்தில் அவள் அவரை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

நவநீதன் அதற்கும் தேட வேண்டியிருந்தது. ஐந்து நாள் தேடினார். கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, ஆஸ்பத்திரியின் சாப்பாட்டு அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த சிவப்ரியா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிரில் அவளோடு அறையில் தங்கியிருக்கும் காரைக்கால் ஜஸீலா இருந்தாள். ஆறு மாதமாக இதையெல்லாம் பார்த்துப் பழகியவள்.

"வூட்டுக்காரரா?" என்றாள் ஜஸீலா. "புள்ளய என்ன செய்யச் சொல்றாராம்?"

"இல்ல" என்றாள் சிவப்ரியா. "இன்னிக்கு என்கிட்ட பேசுறாரு."